வாய்ப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு: கரைந்த சதையைத் திரும்பக் கொண்டுவருவது

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பியதும் மட்டக்களப்புப் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து, பத்தியம் பிடித்து, தெளிந்த கஞ்சி கொடுப்பார்கள். புண் ஆறிவிடும். ஒரு மாதம் போனதும் சாரம் இடுப்பில் நிற்காது, வலை வீசிய கை தலைக்கு மேல் எழும்பாது, வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்காது. வீட்டில் ஒருவருடன் இந்த வழி முழுவதும் நடந்தவர்கள் என்ற முறையில் நாங்கள் முதலில் சொல்வது, புண் ஆறும்வரை சதையை விட்டுவைக்காதீர்கள் என்பதைத்தான். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய கதிர்ச் சிகிச்சை தேவைப்பட்டால் அதை வழமையாக ஆறு கிழமைக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். அதுவே கிழமைக்கு ஐந்து நாளாக இன்னும் ஆறு கிழமை போகும். அந்த நாட்களில் வாய் வெந்து தண்ணீர்கூட எரியும். அதற்கு முன் கிடைக்கும் ஒரு மாதச் சொச்சத்தில் சேர்க்கும் பலம்தான் அப்போது கைகொடுக்கும்.

சதை குறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. உடம்பு முழுவதும் மெலிவது சாப்பாடு போதாததாலும், படுத்தே கிடப்பதாலும், நோயும் காயமும் உண்டாக்கும் அழற்சியாலும். தோள் விழுவது கழுத்து நிணநீர்க் கணுக்களை எடுக்கும்போது தோளைத் தூக்கும் பதினோராவது மண்டை நரம்பு பாதிக்கப்படுவதால். தாடை இறுகுவது தழும்பாலும் கதிர்ச் சிகிச்சையாலும். நல்ல சாப்பாடு மட்டும் கொடுத்தால் தோள் எழும்பாது, தோளுக்கு மட்டும் பயிற்சி செய்தால் தாடை திறக்காது. மூன்றையும் தனித்தனியே பார்க்கவேண்டும்.

முதலில் ஒரு கொப்பியில் அளவு எழுதுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, அதே தராசில், காலையில் சாப்பிட முன் நிறை பாருங்கள். ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கவேண்டாம். ஆனால் காலில் நீர் கோத்தால் தராசு ஏமாற்றும். அதனால் கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளப்பது நல்லது. ஆசிய நாடுகளுக்கென 2019இல் வந்த வழிகாட்டலின்படி ஆணுக்கு 34 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 33 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் தசை குறைந்திருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து தடவை எழும்பி இருக்க 12 செக்கனுக்கு மேல் எடுத்தாலும் அதே சந்தேகம்தான்.

இனிச் சாப்பாடு. புற்றுநோயாளிக்கு நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்று கணக்கெடுப்பார்கள். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம் புரதம். தெளிந்த அரிசிக் கஞ்சி ஒரு கோப்பையில் இரண்டு கிராம் இருந்தாலே பெரிது. தேங்காய்ப்பால் விட்டால் கலோரி ஏறும், புரதம் ஏறாது. நாள் முழுக்கக் கஞ்சி குடித்தும் ஆள் ஏன் மெலிகிறார் என்பதற்கு விடை இதுதான். ஒரு முட்டையில் 6 கிராம், முள் நீக்கிய மீன் 100 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம், காய்ந்த சோயாமீற் 50 கிராமில் 25 கிராம், பயறு 30 கிராமில் 7 கிராம் புரதம் உண்டு. சிறுநீரக வருத்தம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்கு அளவை வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

பத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்லவேண்டியிருக்கிறது. முட்டை சூடு, சூரையும் இறாலும் கிரந்தி, தயிர் குளிர், பருப்பு வாய்வு என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினால் கடைசியில் மிஞ்சுவது கஞ்சியும் பிஸ்கட்டும்தான். வாவி மீனும் எருமைத் தயிரும் கிடைக்கிற ஊரில் புரதம் இல்லாமல் ஆள் மெலிவது நெஞ்சைப் பிழிகிறது. முன்பு ஒரு சாப்பாடு உண்மையாகவே தடிப்பையோ மூச்சு முட்டலையோ தந்திருந்தால் அதை விடுங்கள். மற்றதை விடாதீர்கள். ஒதுக்கவேண்டியவை வேறு: மிளகாய், புளி, மொறுமொறுப்பானவை, சுடச்சுட எதுவும். அறுத்த பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கும். அங்கே சூடும் தெரியாது, மீன் முள் குத்துவதும் தெரியாது. சின்ன முள் நிறைந்த மீன்களைத் தவிர்த்து, பாரை, சூரை போன்றவற்றை அவித்து விரலால் பிசைந்து பார்த்த பிறகே கொடுங்கள்.

வாயால் எடுக்க முன் விழுங்குவதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீர்த்த திரவம் லேசு என்று எல்லாரும் நினைப்பார்கள். நாக்கில் ஒரு பகுதி போனவருக்கு வெறும் தேத்தண்ணிதான் மூச்சுக்குழாய்க்குள் முதலில் வழுகும். குடித்ததும் இருமல், ஈரக் குரல், காரணமில்லாத காய்ச்சல் மூன்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

மூக்கு வழிக் குழாய் இருக்கும்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொன்றும் 250 முதல் 300 மில்லிலீற்றர் என்பது பலருக்குத் தாங்கும். வாட்டில் சொன்ன உணவுதான் முதல் தெரிவு. வீட்டில் அரைக்க அனுமதி கிடைத்தால் எங்கள் கலவை இது: தோல் நீக்கிய பயறு 30 கிராம், அரிசி 20 கிராம், நன்றாகக் குழைய அவித்து, ஒரு அவித்த முட்டை, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்து பிளெண்டரில் அடித்து, மெல்லிய துணியில் வடித்து 300 மில்லிலீற்றர் ஆக்குவது. ஏறத்தாழ 300 கிலோ கலோரி, 14 கிராம் புரதம். இது மூன்று வேளை. மற்ற மூன்று வேளை 30 கிராம் முழு ஆடைப் பால்மா கரைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய். அரைத்ததை வெளியில் வைத்து அடுத்த வேளைக்குக் கொடுக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் மிக விரைவில் கெட்டுவிடும். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கவேண்டும், முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சாய்ந்தே இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் 30 முதல் 50 மில்லிலீற்றர் ஆறவைத்த கொதிநீர் விட்டுக் குழாயைக் கழுவாவிட்டால் அடைக்கும். குழாயில் மூக்கருகே உள்ள அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் உள்ளே போகாதவருக்கு ஒரேயடியாக முழு அளவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வைத்தியர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும்.

எவ்வளவு கொடுத்தாலும் உடம்பு அசையாவிட்டால் அது சதையாகாது. ஆரோக்கியமான முதியவர்கள் பத்து நாள் கட்டிலில் இருந்ததில் கால்களில் கிட்டத்தட்ட 1 கிலோ தசை குறைந்ததை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கதிரையிலிருந்து எழும்பி இருப்பது எட்டுத் தடவையாக, நாளைக்கு மூன்று வேளை. கச்சான் காற்று வீச முன், காலை வெயில் ஏறாத நேரத்தில் நடை. கடற்கரை மணலில் ஆரம்பத்தில் வேண்டாம், கால் புதைந்து விழுவார்கள். காலிலிருந்து எலும்பு எடுத்துத் தாடை கட்டியவருக்கு எப்போது காலூன்றலாம் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் சொல்லவேண்டும். அவருக்குப் பெருவிரல் மடங்காமல் போகலாம், கணுக்கால் அசைவையும் சேர்த்துப் பழக்குங்கள்.

தோளுக்கு வருவோம். நரம்பை வெட்டாமல் விட்டிருந்தாலும் இழுபட்டதில் அது சோர்ந்துபோகும். திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம்வரை எடுக்கும். அதுவரை தொங்கும் கையின் பாரமே மூட்டை இறுக்கி வலியைக் கூட்டும். இருக்கும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள், அந்தப் பக்கம் சரிந்து படுக்கவிடாதீர்கள், அந்தக் கையில் சொப்பின் பை தூக்கவிடாதீர்கள். கழுத்தில் நீர் வடிய வைத்த குழாயை எடுத்து இயன் மருத்துவர் சரி சொன்னதும், குனிந்து கையை ஊசலாட்டுவது, விரலால் சுவரில் ஏறுவது, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னுக்குச் சேர்ப்பது என்று தொடங்கலாம். அடிக்கடி பிழைப்பது ஒன்று: கை ஏறாதபோது தோளைக் காதுப் பக்கம் தூக்கிக் கணக்குக் காட்டுவது. கண்ணாடி முன் செய்தால் உடனே தெரியும். பிறகு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் பத்துத் தடவை, இரண்டு சுற்று, கிழமைக்கு மூன்று நாள். அது லேசாகும்வரை பாரம் கூட்டவேண்டாம். நெஞ்சுச் சதையை எடுத்து வாயில் வைத்தவருக்குத் தோள் முன்னுக்கு இழுபடும். பின்னுக்கு இழுக்கும் பயிற்சி அவருக்கு மிக முக்கியம். நெல் மூட்டையும் வீச்சு வலையும் கடைசியில்தான்.

தாடையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மேல் கீழ் முன்பற்களுக்கு இடையில் 35 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வாயிறுக்கம் என்று சொல்வார்கள். வருடக்கணக்கில் பாக்குப் போட்டவருக்கு அதற்கு முன்பே வாய்க்குள் நார்போல இறுகியிருக்கும், ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன்னரே ஒருமுறை அளந்து வையுங்கள். எலும்பு வெட்டித் தகடு வைத்திருந்தால் அனுமதி கிடைக்கும்வரை பொறுக்கவேண்டும். அனுமதித்ததும் சுத்தமான ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து, இழுவை தெரியும் அளவில் ஏழு செக்கன், ஏழு தடவை, நாளைக்கு ஏழு வேளை. இழுவை தெரியவேண்டும், குத்து வலி வரக்கூடாது. வலி மருந்தை அரை மணி நேரம் முன் கொடுத்தால் லேசு. சுடுதண்ணித் துவாயைக் கதிர் பட்ட தோலில் வைக்கவேண்டாம், உணர்ச்சியில்லாத இடம் வெந்தாலும் தெரியாது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளித்தால் கதிர் நாட்களிலும் பயிற்சியை விடாமல் செய்யலாம்.

சப்பினால் தாடை இளகும் என்று சொல்லி வெற்றிலைத் தட்டத்தை நீட்டுபவர்கள் உண்டு, சாவீட்டிலும் கல்யாண வீட்டிலும் மறுப்பது கஷ்டம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே உண்டு. வாயை நாராக இறுக்குவதும் அதே பாக்குத்தான். ஆள் சொல்லத் தயங்கினால் கூடப் போகிறவர் சொல்லவேண்டும்.

கதிர் முடிந்த பிறகும் தாடை மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும், குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைரொயிட் சுரப்பி மெல்லக் குறையலாம். நன்றாகச் சாப்பிட்டு நடந்தும் சோர்வு போகவில்லை, தசை ஏறவில்லை என்றால் கிளினிக்கில் தைரொயிட்டுக்கான ரீஎஸ்எச் (TSH) இரத்தப் பரிசோதனை கேளுங்கள். குறையொன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது வழமை.