மூளைக்கு நல்லது என்று வாங்குவதானால், மத்தி வாங்குங்கள்

ஞாபக சக்திக்கென்று வால்நட்டும் ஆளிவிதையும் தேடி வாங்குகிறவர்கள், மீன் சாப்பிடுவார்கள் என்றால், முதலில் மத்தி வாங்கலாம். தெற்கே சாளை என்பார்கள். மூளையில் மிகுதியாக இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு டிஎச்ஏ. வால்நட், ஆளிவிதையில் உள்ளது ஏஎல்ஏ என்ற வேறொரு ஒமேகா-3; அதில் மிகச் சிறு பங்கைத்தான் நம் உடல் டிஎச்ஏவாக மாற்றுகிறது. மத்தியில் டிஎச்ஏ நேரடியாகவே கிடைக்கிறது. சின்ன மீன், ஆயுளும் குறைவு. அதனால் சுறாவில் சேர்வதுபோல் பாதரசம் இதில் சேர்வதில்லை.

வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் சதை 100 கிராம் போதும். தின்ற மறுவாரமே நினைவாற்றல் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மீன் எண்ணெய் மாத்திரை கொடுத்துச் செய்த ஆய்வுகளிலும், நலமாக உள்ள முதியவர்களுக்கு நினைவாற்றல் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. மாத்திரையை நம்புவதைவிட, சாப்பாட்டில் நிரந்தரமாக மீனுக்கு இடம் கொடுப்பது மேல்.

வாங்கும்போது கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, வயிறு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த மத்தியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகியிருக்கலாம். எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். மீனே ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான்.

எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பகுதி சட்டி எண்ணெய்க்குப் போகும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறும். எனவே குழம்புதான் சிறந்தது. அரைக் கிலோ மீனுக்கு எலுமிச்சை அளவு புளி, பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், மூன்று தேக்கரண்டி மல்லித்தூள், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். குழம்பு நன்றாகக் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகே மீனைப் போடுங்கள். தீயைக் குறைத்து எட்டு நிமிடம். கரண்டி போட்டால் மீன் உடையும். சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். மேலே மிதக்கும் மீன் நெய்யை வழித்துக் கொட்டிவிடாதீர்கள், மீனிலிருந்து இறங்கிய ஒமேகா-3 அதில்தான் இருக்கிறது.

யூரிக் அமிலம் கூடுதலாக உள்ளவர்கள், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மத்தியில் அதிகம் என்பதால், மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சைவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஎச்ஏ எண்ணெய் கிடைக்கிறது. ஆனால் அவர்கள் அதற்கு முன் வைட்டமின் பி12 அளவைப் பரிசோதிப்பது நல்லது. அந்தக் குறைபாடே மறதியை உண்டாக்கும், கீரையால் அதைச் சரிசெய்ய முடியாது.