நிலநடுக்கப் பாடத்துக்கு எந்த மூன்று ஊர்?

எட்டாம் வகுப்பில் நிலநடுக்கத்தின்போது முதலில் வந்துசேரும் பி அலை, அதன்பின் வரும் எஸ் அலை என்று வரையறையை எழுதிப்போட்டு நகர்ந்துவிட்டால் பிள்ளைகள் மனதில் ஒன்றும் தங்காது. நிலநடுக்க மையத்தை அவர்களே வரைபடத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் கொஞ்ச நேரம் ஸ்லிங்கி ஸ்பிரிங், அதாவது இழுத்தால் நீளும் சுருள் பொம்மை. இரும்பில் வாங்குங்கள். சிமென்ட் தரையில் மூன்று மீட்டர் இழுத்து, நடுச்சுருளில் சிவப்பு நூல் கட்டுங்கள். முன்னும் பின்னும் தள்ளினால் பி அலை, தரையோடு பக்கவாட்டில் ஆட்டினால் எஸ் அலை. அலை கடந்துபோன பிறகும் நூல் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எது வேகம் என்று இதில் காட்ட முயலாதீர்கள். நன்றாக இழுத்த ஸ்பிரிங்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போகும். பாறையில் அப்படியில்லை. பி விநாடிக்குச் சுமார் 6 கி.மீ., எஸ் 3.5 கி.மீ. ஓர் ஊருக்கு இரண்டும் வந்துசேரும் நேர இடைவெளியை விநாடியில் எடுத்து 8 ஆல் பெருக்கினால், நிலநடுக்க மையம் அங்கிருந்து எத்தனை கி.மீ. தூரம் என்று தோராயமாகக் கிடைத்துவிடும்.

இனி வரைபடம். 1 செ.மீ.க்கு 10 கி.மீ. அளவில் சார்ட்டில் வரைந்துகொள்ளுங்கள். அரியலூரை நிலநடுக்க மையமாக நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் ஒவ்வொரு ஊருக்கான இடைவெளி விநாடிகளை மட்டும் சொல்லுங்கள்: திருச்சி 7, தஞ்சாவூர் 5, நாகப்பட்டினம் 11.5. ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் அந்தத் தூரத்தில் ஒரு வட்டம் போட வேண்டும், வட்டங்கள் கூடும் இடம்தான் நிலநடுக்க மையம். வட்டங்களின் ஆரம் 5.6, 4, 9.2 செ.மீ. இங்கேதான் காவிரி டெல்டாவில் ஒரு சிக்கல். மூன்று ஊரும் கிழக்கு மேற்காகக் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கின்றன. அதனால் வட்டங்கள் அரியலூரில் ஒருமுறை, தெற்கே புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் இன்னொருமுறை கூடும். பாதி வகுப்பு ஒரு விடை, மீதி வேறு விடை சொல்லும். உடனே திருத்த வேண்டாம், கொஞ்சம் வாதாட விடுங்கள். பிறகு சிதம்பரம், 9 விநாடி என்று கொடுங்கள். 7.2 செ.மீ. வட்டம் அரியலூரை மட்டும்தான் தொடும். பென்சில் தடிமனால் வட்டங்கள் ஒரே புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணமாக விழுந்தால் அதையே மையமாக ஏற்கலாம்.

2004 சுனாமிக்குக் காரணமான சுமத்ரா நிலநடுக்கத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டால் தூரம் குறைவாக வரும். சுமார் 2,000 கி.மீ. தொலைவுக்கு அலைகள் ஆழத்தில் இறங்கி, அங்கே வேகமெடுத்து வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று பி அலை நாகைக்கு வர ஏறக்குறைய நான்கு நிமிடம், சுனாமி என்ற கடல் அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டும் ஒன்றென்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய. கடலோரப் பள்ளிகளில் சுனாமி வீடியோ போடாதீர்கள், உறவினரை இழந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இந்த இரண்டு நேரங்களைக் கரும்பலகையில் எழுதினாலே வேறுபாடு விளங்கிவிடும்.