பகலில் முகம் பார்க்க ஒரு காலை: வாசிப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 2, ஞாயிறு

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) நாவலில் செதேயும் ஹாலேயும் அடிமைகள், கணவன் மனைவி. ஒரே பண்ணையில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிறு காலையில் மட்டும். மற்ற நாட்களில் பேச்சு, சாப்பாடு, தொடுகை எல்லாம் விடிவதற்கு முன்போ அந்தி சாய்ந்த பிறகோதான். அந்த ஞாயிறும் முழுசாக இல்லை. தாயை மீட்க ஐந்து வருட ஞாயிறுகளை விலையாகக் கொடுத்தவன் ஹாலே. மதியம் ஆனால் அந்தக் கடனுக்கு உழைக்கப் போய்விடுவான். அதனால் காலையில் அவளைப் பார்த்துப் பார்த்துச் சேமித்துக்கொள்கிறான்.

கறுப்பினப் பெண்களைப் பற்றிய நாவல்களில் காதலைப் படிக்கும்போது முதலில் நேரத்தைக் கணக்குப் போட வேண்டும். இருவருக்கும் எவ்வளவு நேரம் கிடைத்தது, மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்? யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

செதேயின் கல்யாண உடுப்பு. ஒரு விருந்து, ஒரு ஆட்டம், ஏதோ ஒன்று இருக்க வேண்டுமே என்று நினைத்து எஜமானியிடம் கேட்கிறாள். எஜமானி சிரித்துவிடுகிறாள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் திருமணமாகவே ஏற்கவில்லை. எந்த நாளும் இருவரில் ஒருவரை விற்றுவிடலாம்.

செதே ரகசியமாகத் தைக்கிறாள். மேல்பாகம், தைக்கக் கிடந்த இரண்டு தலையணை உறைகள். பாவாடையின் முன்பக்கம், மெழுகுவத்தி விழுந்து ஓட்டையான மேஜை விரிப்பும், இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்க்கும் பழைய இடுப்புத் துணியும். பின்பக்கத்துக்குத்தான் துணி கிடைக்கவில்லை. கடைசியில், ஜெல்லி வடிகட்டும் கொசுவலையை அலசி, எளிதில் பிரிக்கக்கூடிய ஒட்டுத்தையல் போடுகிறாள். ஒட்டுத்தையல்தான் போட முடியும், ஏனென்றால் பிறகு எல்லாவற்றையும் பிரித்து எடுத்த இடத்திலேயே வைத்தாக வேண்டும். இதைவிடத் துல்லியமாக அந்தத் திருமணத்தின் நிலையைச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

சோரா நீல் ஹர்ஸ்டனின் 1937 நாவல், ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’. பதினாறு வயது ஜேனி வாசல் கேட்டருகே ஒரு பையனை முத்தமிடுவதைப் பாட்டி பார்க்கிறாள். உடனே 60 ஏக்கர் வைத்திருக்கும் லோகன் கில்லிக்ஸுக்குக் கட்டிவைக்கத் துடிக்கிறாள். கண்ணை மூடுவதற்குள் ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்கும் அவசரம் நமக்குப் பழகியதுதான். அதனாலேயே பலர் இங்கே வழுக்கிவிடுகிறார்கள்: பாட்டிக்குப் பணத்தாசை என்று முடித்துவிடுகிறார்கள். பாட்டியின் கதைக்குத் திரும்பிப் போக வேண்டும். அவள் எஜமானின் குழந்தையைச் சுமந்த அடிமை. பிரசவித்த ஒரு வாரத்தில், எஜமானியின் சவுக்குக்குப் பயந்து, கைக்குழந்தையோடு இரவில் ஓடியவள். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூட வாத்தியாரால் சீரழிக்கப்பட்டது. 60 ஏக்கரை அவள் வேலியாகப் பார்க்கிறாள். ஜேனிக்கோ அந்த வேலிக்குள் மூச்சு முட்டுகிறது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் கொடுமை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆன் பெட்ரியின் ‘த ஸ்ட்ரீட்’ (1946). லூட்டியின் புருஷன் ஜிம்முக்கு வேலை கிடைப்பதில்லை. வெள்ளைக்கார வீடுகளில் கறுப்பினப் பெண்ணுக்குச் சமையலறை வேலை உண்டு, அவள் புருஷனுக்கு எதுவும் கிடையாது. கனெக்டிகட்டில் ஒரு பணக்கார வீட்டில் தங்கி வேலை பார்க்கப் போகிறாள் லூட்டி. அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், தன் பிள்ளை நியூயார்க்கில் இருக்கிறான். ஊருக்குப் போகும் ரயில் செலவை மிச்சம் பிடிக்கப் போக, வீடு திரும்பும் இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ஒருநாள் போய்ப் பார்த்தால் ஜிம் வேறொருத்தியோடு இருக்கிறான்.

ஜிம் செய்தது துரோகம்தான். ஆனால் பெட்ரி வரிசையை மாற்றாமல் எழுதியிருக்கிறார்: முதலில் வேலையில்லாமை, பிறகு தூரம், பிறகு துரோகம். கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டால் இது சாதாரணக் குடும்பச் சண்டையாகிவிடும்.

பிப்ரவரி 10, திங்கள்

நாவலுக்கு வெளியே ஒரு கணக்கு. மில்ட்ரெட், ரிச்சர்ட் லவ்விங் 1958இல் வாஷிங்டனில் மணந்தார்கள். அவள் கறுப்பினப் பெண், அவன் வெள்ளைக்காரன். வர்ஜீனியா நீதிமன்றம் ஓராண்டுச் சிறையை நிறுத்திவைத்து, 25 ஆண்டுகள் அந்த மாநிலத்துக்குள் சேர்ந்து வரக்கூடாது என்றது. வெள்ளையர் வேற்று இனத்தவரை மணப்பதைத் தடுத்த அந்தச் சட்டத்தை 1967இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று 16 மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

தயாரி ஜோன்ஸின் ‘ஆன் அமெரிக்கன் மேரேஜ்’ (2018). ராய்க்கும் செலஸ்டியலுக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். செய்யாத குற்றத்துக்கு ராய்க்கு 12 வருடம். ஐந்து வருடத்தில் வெளியே வருகிறான். சேர்ந்து வாழ்ந்ததைவிடப் பிரிந்திருந்த காலம் மூன்று மடங்குக்கும் மேல். செலஸ்டியல் காத்திருக்கவில்லை என்று அவள்மேல் கோபப்படுபவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கட்டும். அநியாயம் அவனுக்கு நடந்தது என்பதற்காக அவள் வயதும் அதில் கரைந்தாக வேண்டுமா? ஜோன்ஸ் தீர்ப்பு சொல்லாமல் சிறைக் காலத்தைக் கடிதங்களாக நகர்த்துகிறார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜேம்ஸ் பால்ட்வினின் ‘இஃப் பீல் ஸ்ட்ரீட் குட் டாக்’ (1974). டிஷ்ஷுக்கு 19 வயது, ஃபானிக்கு 22. அவனும் செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருக்கிறான். பிள்ளை உண்டாகியிருப்பதை அவனிடம் சொல்ல வந்திருக்கிறாள். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஒன்று. எல்லோரும் ஃபானி என்று கூப்பிடுபவனை, அன்றைக்கு அவள் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்: அலான்சோ.