அரிப்புக் கரையும் ஆலாக்களும்

குளத்தோடு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். செட்டிகுளம், ஓமந்தை, நெடுங்கேணி என்று நாலா பக்கமும் இருந்து வவுனியாவுக்குப் படிக்க வந்தவர்கள். எங்களுக்குப் பறவை என்றால் குளக்கட்டில் சிறகை விரித்துக் காயப்போடும் நீர்க்காகம், வயலுக்குள் நிற்கும் கொக்கு, மாரியில் வந்திறங்கும் தாரா, அவ்வளவுதான். கடல், வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும்போது முல்லைத்தீவில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று. அதனால் உயர்தர வகுப்பில் எங்கள் விலங்கியல் சேர் "மாசி மாதம் அரிப்புக்குப் போறம்" என்றதும் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குளிக்க மாற்றுடுப்பு எடுத்து வைத்தோம். குளிக்கவிடவே இல்லை, அது வேறு கதை.

எங்கள் பாடசாலை மலர்க்குழுவினர் "ஆசிரியர்களைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். சேரின் பாடக்குறிப்புகள், பிரம்பு, சைக்கிள் பற்றியெல்லாம் போன மலரிலேயே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எண்பதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன, பாதைகள் திறந்திருந்தன. விடிய முன் இ.போ.ச. பஸ்ஸில் ஏறி, பறயனாலங்குளம், மடுச்சந்தி, முருங்கன் என்று போய் அங்கிருந்து கடல் பக்கம் திரும்பினோம். ஒவ்வொருவர் மடியிலும் இடியப்பப் பொதி. முருங்கனைத் தாண்டியதும் காடு குறைந்து, மண் வெளுத்து, காற்றில் உப்பு மணக்கத் தொடங்கியது.

அரிப்பில் நாங்கள் போய் நின்ற இடத்தை ஊரவர்கள் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். உண்மையில் அது இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்கள் வைத்துக் கட்டியதால் வெள்ளைக்காரர் அதை டொரிக் என்று அழைத்தார்கள். முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் ஆளுநர் வந்து தங்கிக் கடலைப் பார்ப்பதற்கென்றே கட்டியது. அந்தப் பகுதியில் கரை சற்று உயர்ந்து ஒரு சிறு மேடாக நிற்கும், கீழே நேராகக் கடல். மலை என்று சொல்ல முடியாது. ஆனால் வன்னிக் கரையில் அவ்வளவு உயரத்தில் நின்று கடலை மேலிருந்து பார்க்க வேறு இடம் நானறிய இல்லை. கொஞ்சம் தள்ளி ஒல்லாந்தரின் சிறு கோட்டை இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ் அருவியாற்றுக் கரையோடு தப்பி வந்து 1679இல் சேர்ந்த இடம் அதுதான். சரித்திர சேரும் கூட வந்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல காலம், அவருக்குப் பஸ் பயணம் ஒத்துவராது.

எங்கள் சேர் ஓட்டை விழுந்த சுவரின் நிழலில் எங்களை வரிசையாக உட்காரவைத்தார். "அரை மணித்தியாலம் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. கண்ணாலை பாருங்கோ, கொப்பியிலை எழுதுங்கோ." எதை எழுத வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு வைத்திருந்தார்: முதலில் அலகு, பிறகு கால், பிறகு பறக்கும் விதம். நிறம் கடைசி. நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும், அலகு பொய் சொல்லாது என்பார். வகுப்புக்கு ஒரேயொரு பைனாகுலர், அதிலும் ஒரு கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அது கை மாறிக் கை மாறிப் போனது. பெண்பிள்ளைகள் பக்கம் போனால் திரும்பி வர நேரமெடுத்தது. அவர்கள்தான் ஒழுங்காகப் பார்த்தார்கள் என்பதைப் பிறகு கொப்பி திருத்தும்போது சேரே சொன்னார்.

முதலில் எங்களுக்கு எல்லாமே 'வெள்ளைப் பறவை'தான். மெல்ல மெல்ல இரண்டு வகை பிரிந்தது. தடித்த உடம்போடு ஆறுதலாகப் பறந்து, தண்ணீர் மேல் மிதந்து, மேலே கிடப்பதைப் பொறுக்கித் தின்பவை கடற்காக்கைகள். கண்ணுக்குப் பின்னால் மைப்பொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்பு இருந்தால் அது பழுப்புத்தலைக் கடற்காக்கை. கோடையில் அதன் தலை முழுக்கப் பழுப்பாக மாறும், ஆனால் அப்போது அது இங்கே நிற்காது, மத்திய ஆசியாவின் மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். மற்றவை ஒல்லியானவை. கூரிய சிறகு, பிளந்த வால், நிற்காத பறப்பு. இவைதான் ஆலாக்கள். அவற்றுக்குள்ளும் மஞ்சள் அலகு ஒன்று, செம்மஞ்சள் அலகு இன்னொன்று, இரண்டுக்கும் பிடரியில் கலைந்த கறுப்புக் கொண்டை. அப்புறம் ஒன்று வந்தது, கடற்காக்கை அளவு பருமன், சிவந்து தடித்த அலகு. உலகத்தில் ஆலாக்களுக்குள் அதுதான் பெரியது, பெயர் காஸ்பியன் ஆலா என்று சேர் சொன்னபோது அவர் குரலே கொஞ்சம் ஏறிவிட்டது.

இந்த இடத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார். கட்டம் போட்ட சாரம், தோளில் ஒரு துவாய், காய்ந்து சுருங்கிய உடம்பு. இளமையில் சங்கு குளித்தவர், பிறகு வலைத்தொழில். பிள்ளைகள் எல்லோரும் பேச்சுமூச்சில்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்னவோ ஏதோ என்று ஏறி வந்திருந்தார். "என்ன மாஸ்டர், படகு ஏதும் கவிண்டிட்டுதோ?"

சேர் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். பெரியவர் சிரித்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் குந்தினார். அதற்குப் பிறகு சேர் ஆசிரியராக இல்லை, கொப்பியைத் திறந்து எங்களோடு சேர்ந்து எழுதத் தொடங்கினார். நான் அவரிடம் படித்த பாடங்களில் இதைத்தான் பெரியது என்று வைத்திருக்கிறேன். அந்த நாளில் உயர்தர விலங்கியல் படிப்பிக்கிற ஒருவர், சாரம் கட்டிய ஒரு கிழவரிடம் "ஐயா, அது ஏன்?" என்று மாணவர்களுக்கு முன்னால் கேட்பது சாதாரண விஷயமில்லை.

"உங்கை பாருங்கோ தம்பியவை, ஆலா ஒரே இடத்திலை சுத்துது. கீழை சூடை மீன் நிக்குது."

"அது எப்பிடி ஐயா மேலை வருது?"

"கீழையிருந்து பாரை மீன் துரத்துது. மேலை ஆலா கொத்துது. சூடைக்கு ரெண்டு பக்கமும் யமன்."

பைனாகுலர் அப்போது என் கையில் இருந்தது. ஒரு செம்மஞ்சள் அலகு ஆலா, காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. தலை மட்டும் கீழே குனிந்து இடமும் வலமும் அசைந்தது. ஒருமுறை இறங்கப் பார்த்து, மனம் மாறி மறுபடி மேலேறியது. பிறகு சிறகை அரைவாசி மடித்தபடி தலைகீழாக விழுந்தது. தண்ணீர் தெறித்ததுதான் தெரியும், பறவையைக் காணவில்லை. எண்ணி முடிக்க முன் வெளியே வந்து உடம்பை ஒரு உதறு உதறியது. அலகில் குறுக்காக ஒரு வெள்ளி மீன். பறந்தபடியே அதைச் சுழற்றித் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. வாற்பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையில் எதிர்க்கும் என்றார் சேர். "எங்கடை பிள்ளைகளுக்கும் சூடை தின்னத் தெரியவேணுமே" என்றார் பெரியவர்.

மீன்பிடிகாரருக்கு ஆலா அழகுக்கான பறவை இல்லை. வலை போடும் இடத்தைக் காட்டுவது அது. எந்த உயரத்தில் இருந்து விழுகிறது, கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்து மீன் எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் கற்பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். பெரிய பார், சேவல் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நாங்கள் சாய்ந்திருந்த சுவரையே அடையாளம் வைத்துத்தான் பாருக்கு வழி பிடிப்போம் என்று பெரியவர் சொன்னார். ஆளுநர் கடலைப் பார்க்கக் கட்டிய வீட்டைக் கடலில் இருந்தவர்கள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மாசி பங்குனியில் வாடைக்காற்று ஓய்ந்து சோளகக்காற்று தொடங்கும் முன் இந்தப் பக்கக் கடல் எண்ணெய் போலக் கிடக்கும். முத்துக்குளிப்பை அந்த மாதங்களில் வைத்ததும், சேர் எங்களை மாசியில் கூட்டிப்போனதும் ஒரே காரணத்துக்காகத்தான்.

பத்து மணி போல ஒரு பிள்ளை கத்திவிட்டாள், "சேர், சுறா!" கரிய முதுகுகள் வரிசையாக எழும்பி எழும்பி மறைந்தன. "சுறா இல்லைப் பிள்ளை, ஓங்கில்" என்றார் பெரியவர். நாங்கள் புத்தகத்தில் டொல்பின் என்று படித்தது. சுறாவின் செட்டை நேராக ஒரே மட்டத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும், ஓங்கில் மூச்சு விட வருவதால் வளைந்து எழும்பி வளைந்து இறங்கும். இன்று வரை எந்தக் கடலில் செட்டை கண்டாலும் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் கேட்கிறது.

ஆவுளியாவைக் காண முடியுமா என்று சேர் கேட்டார். கடற்பசு. மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேய்ந்து வாழும் பாலூட்டி, யானைக்கு இனத்தவர். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தி கரையில் நின்றே மூச்சுவிடும் சத்தம் கேட்கலாம், இப்போது தொழிலுக்குப் போகிறவர்களுக்கே தென்படுவது குறைவு என்றார். இறைச்சி எப்படி இருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார். ஆட்டிறைச்சியை விட நல்லதாம். 1970இலேயே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பது சேருக்குத் தெரியும். அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பெரியவரே தொடர்ந்தார். "சட்டம் இருக்கு, தெரியும் மாஸ்டர். ஆனா அது மூச்செடுக்க மேலை வரவேணும். வலையிலை பட்டால் வரேலாது. நாங்கள் இழுக்கிற நேரம் செத்துப்போயிருக்கும். கன்றும் லேசிலை போடாது." ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரேயொரு கன்று ஈனும், பிறகு அடுத்ததற்குப் பல வருடம் எடுக்கும் என்று சேர் எங்கள் பக்கம் திரும்பி விளக்கினார். அன்று ஆவுளியாவைக் காணவில்லை. நான் இன்னும் கண்டதில்லை.

மதியம் பெரியவர் வீட்டில் இருந்து பொரித்த மீனும் பனங்கட்டியோடு பிளேன்ரீயும் வந்தன. திரும்பும்போது சேர் பஸ்ஸை மன்னார்ப் பாலத்துப் பக்கம் விடச்சொன்னார். வங்காலைப் பக்கச் சேற்று வெளியில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நின்றன. தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு, அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலர் அதற்குள் யாருடையோ காலடியில் விழுந்துவிட்டிருந்தது.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரியும். அந்தக் கரை இடம்பெயர்ந்தது, கண்ணிவெடி விதைக்கப்பட்டது, பல வருடங்களுக்குப் பிறகு மீண்டது. வகுப்பில் இருந்தவர்கள் ஒஸ்லோ, லண்டன், ரொறன்ரோ என்று சிதறினோம். (புலம்பெயர் பறவைகள் நாம் என்று கவிதை எழுதி அனுப்பும் அன்பர்களுக்கு: பறவைக்கு ஒவ்வொரு வருடமும் திரும்பிப் போக விசா தேவையில்லை. ஒப்பீடு பொருந்தாது.) சில வருடங்களுக்கு முன் மாசியில் மறுபடி போனேன். டொரிக்கின் கடல் பக்கம் பெருமளவு போய்விட்டது, அலை கீழே மண்ணைத் தின்னத் தின்ன மேலே சுவர் இறங்குகிறது. ஆலாக்கள் இருந்தன. வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் 4,839 ஹெக்டயர் பரப்போடு சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் நின்றன.

மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன, 2020இல் வந்தவை. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மத்திய ஆசியாவில் இருந்து வருகிற பறவைகள் நாட்டுக்குள் நுழையும் வாசலாகப் பார்த்து அவற்றை நட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே வாழ்கிற மக்களும் கனிய மணல் அகழ்வோடு சேர்த்து இதையும் எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள், அவர்கள் சொல்வதை முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு செய்தி. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காக்கையைப் பிடித்துச் செய்மதிக் கருவி பூட்டி விட்டார்கள். அது ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதி வரை பறந்து போனது பதிவாகியிருக்கிறது. சேர் அன்று "இது பனிக்கடல் பக்கம் இருந்து வாறது" என்று ஒரு சாம்பல் முதுகுக் கடற்காக்கையைக் காட்டியபோது பின்னால் இருந்து யாரோ "விடுங்கோ சேர்" என்றான். ஒஸ்லோவில் இருக்கிற அந்த யாரோவுக்குச் செய்தியை அனுப்பினேன். "சேருக்கு யார் சொன்னது?" என்று கேட்டு எழுதியிருந்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: உங்கள் பிள்ளைகளின் கோடை விடுமுறையில் அரிப்புக்குப் போய்விட்டு ஒன்றுமில்லை என்று என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். வலசை வருபவை அப்போது வடக்கே இருக்கும். சோளகக் காலத்தில் தலைமன்னாருக்கு அப்பால் இராமர் பாலத்து மணல்திட்டுகளில் சில ஆலா இனங்கள் முட்டையிடுகின்றன, ஆனால் அங்கே அனுமதியில்லாமல் போக முடியாது, போகவும் கூடாது. தை, மாசிதான் நேரம். காலையில் போனால் வெயில் முதுகுப் பக்கம் விழும், கடல் தெளிவாகத் தெரியும். சுவர்களில் ஏறாதீர்கள், கரை விளிம்பில் நிற்காதீர்கள், மண் உறுதியில்லை. முருங்கனிலேயே தேத்தண்ணீர் குடித்து, போத்தலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள். பைனாகுலர் ஆளுக்கொன்று.