ஹேண்டில்பாரைக் கடைசியில் தொடுங்கள்

கை மரத்துப்போகிறது என்று பைக் ஃபிட்டுக்கு, அதாவது சைக்கிளை உடம்புக்கு ஏற்றபடி அளந்து அமைத்துக்கொள்ள, வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மைச் சின்னதாக மாற்றித் தர முடியுமா என்றுதான். கோளாறு பல சமயம் சீட்டில் இருக்கும். சீட்டின் மூக்கு கொஞ்சம் அதிகமாகக் கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே போகும். கை அதற்கு முட்டுக்கொடுக்கும். உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு நசுங்கும். 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டால் வழுக்கல் நிற்காது, ஹேண்டில் மட்டும் வெடுக்கென்று திரும்ப ஆரம்பிக்கும். அதனால்தான் வேலை தெரிந்த ஃபிட்டர் பாதத்தில் தொடங்கி, சீட்டுக்கு வந்து, ஹேண்டில்பாரைக் கடைசியில் தொடுகிறார்.

முழு ஃபிட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வழக்கமாக ஓட்டும் ஷூ, பெடல், பேடு வைத்த ஷார்ட்ஸ் மூன்றும் கூடவே போக வேண்டும். சைக்கிளைத் தொடுவதற்கு முன்னால் ஃபிட்டர் உங்களை மேஜையில் படுக்கவைத்து, தொடையின் பின்தசை எவ்வளவு இழுபடுகிறது, கால்கள் ஒரே நீளமா, பழைய அடி எதுவும் உண்டா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராகக் கேமராவையும் மூட்டுகளில் ஒட்டும் விளக்குகளையும் எடுக்கிறவரிடம் நான் காசு கொடுக்க மாட்டேன். இயந்திரம் கோணத்தைச் சொல்லும், அந்தக் கோணம் உங்கள் இடுப்புக்கு ஒத்துவருமா என்பதைச் சொல்லாது.

முதலில் கிளீட், அதாவது ஷூவின் அடியில் மாட்டிப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு. ஷூவுக்கு மேலேயே விரலால் தடவினால் கட்டைவிரல் அடியில் உள்புறம் ஒரு முட்டி தட்டுப்படும், சுண்டுவிரல் அடியில் வெளிப்புறம் இன்னொன்று, சற்றுப் பின்னால். இரண்டு இடத்திலும் டேப் ஒட்டிக் கோடு போட்டு, பெடல் அச்சு அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே வரும்படி கிளீட்டை வைப்பது நல்ல தொடக்கம். 200 கி.மீ. பிரெவே போன்ற நீண்ட ஓட்டத்துக்கு இன்னும் 3 முதல் 5 மி.மீ. குதிகால் பக்கம் தள்ளினால் கெண்டைக்கால் குறைவாகவே களைக்கும். நிறத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் பெடலுக்கான கிளீட்டில் மஞ்சள் பாதத்தை 6 டிகிரி அசைய விடும், நீலம் 2, சிவப்பு அசையவே விடாது. லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டில் சிவப்புதான் 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒரே சிவப்பு, நேரெதிர் குணம். அசையாத கிளீட்டைக் கோணலாக மாட்டினால் அந்தத் திருகல் அப்படியே முழங்காலுக்குப் போகும்.

அடுத்தது சீட் உயரம். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டில் உட்காருகிற அழுத்தத்தோடு மேலே இழுத்துப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதை 0.883-ஆல் பெருக்கினால் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்புவரை வரவேண்டிய உயரம். 80 செ.மீ. என்றால் 70.6. பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக வந்து, அமெரிக்க சைக்கிள் வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் பரவிய கணக்கு இது. ஷூ அடிப்பாகத்தின் தடிமனோ கிராங்க் நீளமோ இதற்குத் தெரியாது, ஆகவே இங்கிருந்து தொடங்கலாம், இங்கேயே நிற்க முடியாது. பிறகு இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால் முட்டி மூன்றையும் குறித்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பை அளப்பார்கள். நிறுத்தி அளந்தால் 25 முதல் 35 டிகிரி, மிதிக்கும்போது அளந்தால் அதைவிடச் சில டிகிரி கூடுதல். பத்து நிமிடமாவது வியர்க்க மிதித்த பிறகு அளந்த எண்ணைத்தான் நம்பலாம். ஏறியவுடன் எல்லோரும் போட்டோவுக்கு உட்காருவதுபோல நிமிர்ந்துதான் உட்காருவார்கள்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாகவோ முன்னாலோ இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கம் வலித்தால் உயரம் கூடியிருக்கலாம். பின்னாலிருந்து பார்க்கையில் இடுப்பு இடமும் வலமும் ஆடினாலும் அதே கதைதான்.

சீட்டை முன்பின் நகர்த்த, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். பெடல் முன்னால் கிடைமட்டமாக இருக்கும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள முட்டியிலிருந்து நூலை விட்டால் பெடல் அச்சின் மேல் விழ வேண்டும் என்பது பழைய விதி. அதற்கு இயந்திரவியல் அடிப்படை இல்லை என்று சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பொன்ட்ராகர் எழுதியது சரிதான். ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து சேர அது உதவும். கவனிக்க வேண்டியது வேறு: 73.5 டிகிரி சீட் குழாயில் சீட்டை 10 மி.மீ. ஏற்றினால் அது சுமார் 3 மி.மீ. பின்னாலும் போகும். ஒன்றை மாற்றினால் மற்றதை மறுபடி அளக்காமல் விடக் கூடாது. மூக்கின் சாய்வுக்கு ரசமட்டம் வைத்து, சமமாகவோ ஒரு டிகிரி கீழாகவோ தொடங்கலாம்.

குட்டையானவர்களின் சைக்கிளில் 175 மி.மீ. கிராங்க் இருந்தால் மேலே வரும்போது தொடை வயிற்றை முட்டும். 165 ஆக்கினால் சீட்டை 10 மி.மீ. ஏற்ற வேண்டும், பெடல் உச்சியில் இருக்கும்போது தொடைக்கு 20 மி.மீ. இடம் கிடைக்கும். காசு செலவழிக்க வேண்டியது இங்கேதான், கார்பன் ஹேண்டில்பாருக்கு அல்ல.

இப்போது ஹேண்டில்பார். அகலம் தோள் எலும்புகளின் இடைவெளிக்கு இருக்க வேண்டும், முழங்கை லேசாக மடிந்தபடி உள்ளங்கை பிரேக் லீவரின் ரப்பர் போர்த்திய மேல்பகுதியான ஹூட் மேல் உட்கார வேண்டும். ஸ்டெம்முக்குக் கீழே 10 மி.மீ. ஸ்பேசர் வளையம் சேர்த்தால் ஹேண்டில்பார் 3 மி.மீ. பின்னால் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மறுபடி மாட்டும்போது முதலில் ஸ்டெம்முக்கு மேலே உள்ள மேல்மூடி போல்ட், முன்ஃபோர்க்கின் அசைவு போனபின்தான் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். வரிசையைத் தலைகீழாகச் செய்தால் மேல்மூடி எவ்வளவு இறுகினாலும் பயனில்லை, முன்பிரேக் பிடிக்கும்போது டொக் டொக் என்று சத்தம் வரும்.

எம்டிபிக்கு, அதாவது மலைப்பாதை சைக்கிளுக்கு, ரோட் பைக்கின் எண்களை அப்படியே கொண்டுபோகக் கூடாது. பெடல், ஷூ, கால்களுக்கு இடையிலான அகலம் எல்லாமே வேறு. சஸ்பென்ஷன் பின்னாலும் இருந்தால் ஃபிட்டுக்கு முன்பே தண்ணீர்ப் பையோடு ஏறி உட்கார்ந்து அமுங்கும் அளவைச் சரிசெய்ய வேண்டும். ஷாக்கின் தண்டு நகர்வு 50 மி.மீ. என்றால், 30 சதவீதம் அமுங்க, தண்டில் உள்ள ரப்பர் வளையம் 15 மி.மீ.யில் நிற்கும். இதைச் செய்யாமல் எடுத்த கோணங்கள் எல்லாம் பொய். ஏற்றத்தில் பின்பக்கம் இன்னும் அமுங்கி சீட் மூக்கு தூக்கிக்கொள்வதால், ரோட் பைக்கைவிட ஒன்றிரண்டு டிகிரி கீழே சாய்த்துவைப்பது இங்கே குற்றமில்லை. இறக்கத்தில் நின்றுகொண்டுதான் ஓட்டுவோம். ஆகவே பிரேக் லீவர் கோணத்தை நின்ற நிலையில், முன்கையும் மணிக்கட்டும் நேர்கோட்டில் வரும்படி பார்க்க வேண்டும். 800 மி.மீ. ஹேண்டில்பாரை வெட்ட ரம்பம் எடுக்கும் முன், லீவர்களையும் கிரிப்புகளையும் உள்ளே நகர்த்தி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

கிளம்பும்போது நான்கு எண்ணை எழுதி வாங்குங்கள்: சீட் உயரம், சீட் மூக்கு கிராங்க் அச்சுக்கு எவ்வளவு பின்னால், மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை, சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள உயர வித்தியாசம். சீட் போஸ்ட்டில் கிளாம்புக்கு ஒட்டி மேலே ஒரு சுற்று டேப் சுற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது டேப் சுருண்டிருந்தால் போஸ்ட் இறங்கியிருக்கிறது. போஸ்ட் கார்பன் என்றால் கிரீஸைத் துடைத்துவிட்டு, பிடிப்பைக் கூட்டும் கார்பன் பேஸ்ட் தடவி மறுபடி இறுக்க வேண்டும்.