வைவாவில் என்னை மாட்டிவிட்ட பிளாஸ்மா

எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு மக்கும் பாலிமர் எடுக்கிறவர்களுக்கு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் சறுக்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பாலிமரின் பிலிமை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்னேற்றம் பெற்ற வாயுவில்) வைத்து எடுத்தேன். திரண்டு நின்ற நீர்த்துளி அதன்பின் படர்ந்தது. தொடுகோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) குறைந்துவிட்டதே, இனி பிலிம் சீக்கிரம் சிதையும் என்று அறிமுகத்திலேயே அடித்துச் சொல்லிவிட்டேன். பிறகு 37 டிகிரியில், பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில் (பிஎச் எளிதில் மாறாத உப்புக் கரைசலில்) எட்டு வாரம் ஊறப்போட்டேன். பிளாஸ்மா பட்டதும் படாததும் எடையில் அசையவே இல்லை. சில துண்டுகள் எடை கூடியிருந்தன! (சரியாகக் கழுவாமல் உலர்த்தியதால் ஒட்டிய பஃபர் உப்பு. வெட்கக்கேடு.)

வைவாவில் வெளித்தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "பிளாஸ்மா எவ்வளவு ஆழம் மாற்றும்?" சில நானோமீட்டர். என் பிலிமோ 100 மைக்ரான் கனம். விடை அங்கேயே இருந்தது: மாறியது மேல்தோல் மட்டும்.

இந்தப் பாலிமரில் சங்கிலியைக் கோத்திருக்கும் எஸ்டர் பிணைப்பு அறுபடும் வேகத்தைவிடத் தண்ணீர் ஊடுருவும் வேகம் அதிகம். ஆகவே முழு உடம்பும் ஒரே நேரத்தில் உளுக்கிறது. அறுந்த முனைகளின் அமிலம் உள்ளே தேங்கினால் நடுப்பகுதி இன்னும் வேகமாகச் சிதையும். இது மேற்பரப்பிலிருந்து மட்டும் அரிக்கப்பட ஏழு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டும் என்று 2002-ல் கோஃபெரிஷ் குழு கணக்கிட்டது. வேகமாக அறுபடும் இன்னொரு மக்கும் பாலிமரான பாலிஅன்ஹைட்ரைடுக்கு 75 மைக்ரான் போதும். இதைப் படித்துவிட்டு லேபுக்குள் போயிருக்க வேண்டும்.

மேற்பரப்பு மாற்றத்தின் விளைவைப் பார்க்க வேண்டுமானால், அரிப்பு மேற்பரப்பில் தொடங்கும் சூழலைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பாலிமரை அரிக்கும் புரோட்டினேஸ் கே நொதி பருமனானது, பிலிமுக்குள் நுழையாது. அது எப்படி ஒட்டுகிறது என்பதை மேல்தோல்தான் தீர்மானிக்கும். நொதிக் கரைசலை அடிக்கடி மாற்றுங்கள், வீரியம் குறைந்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடால் பதப்படுத்துகிறீர்களா? அதுவே பிலிமைத் தின்னும், ஆகவே தொடக்க எடையைப் பதப்படுத்திய பிறகு எடுங்கள். பிளாஸ்மா என்றால் அன்றைக்கே தொடுகோணத்தை அளந்துவிடுங்கள். நாள்பட்டால் மேற்பரப்பு பழையபடி திரும்பத் தொடங்கும்.

எடையை மட்டும் நம்ப வேண்டாம். எடை இறங்குவதற்கு வெகுமுன்பே மூலக்கூறு எடை (அதாவது பாலிமர் சங்கிலியின் நீளம்) சரிந்திருக்கும். அதை அளக்கும் ஜிபிசி (ஜெல் பெர்மியேஷன் குரோமடோகிராபி) கருவிக்கு எங்கள் துறையில் நீண்ட வரிசை. மாதிரியை ஊறப்போடும் நாளிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.