பெரியம்மாவின் 412 கடிதங்கள்

பழைய மடிக்கணினியின் வன்தட்டு இரண்டு வாரமாக 'டிக், டிக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. புதுக் கணினி வந்து மேசைமேல் உட்கார்ந்த பிறகும் பழையதை அணைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அணைத்தால் மறுபடி எழும்புமா என்ற பயம்தான். படங்களும் ஆவணங்களும் ஏற்கெனவே வேறொரு வட்டில் இருந்தன. பயமெல்லாம் மின்னஞ்சலைப் பற்றியது.

என் பெரியம்மா 2003 முதல் 2009 வரை எனக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருக்கின்றன. அவரே தட்டச்சு பழகி, தமிழிலேயே எழுதினார். 2010-இல் அவர் காலமானார். நாங்கள் எழுதிக்கொண்ட முகவரிகள் இரண்டையும் தந்த இணையச் சேவை நிறுவனம் பிறகு மின்னஞ்சலையே நிறுத்திவிட்டது. ஆக, அந்தக் கடிதங்கள் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில், டிக்கென்று சத்தம் போடும் அந்தத் தட்டில் மட்டும்தான் இருந்தன.

காரணம், அந்தக் கணக்கு பாப்3 முறையில் இயங்கியது. சேவையகத்திலிருந்து அஞ்சலை இறக்கி நம் கணினியில் வைத்துவிட்டு, அங்கே இருப்பதை அழித்துவிடுவதே அதன் வழக்கம். பிரதியை விட்டுவை என்று நாம் தனியாகச் சொன்னால்தான் விட்டுவைக்கும். இப்போது பலரும் பயன்படுத்தும் ஐமேப் முறையில் அஞ்சல் சேவையகத்திலேயே இருக்கிறது. புதுக் கணினியில் கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாம் தானாக வந்துவிடும். ஆனால் ஐமேப் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு இழுத்துப் போட்ட அஞ்சல்கள் சேவையகத்தில் இருப்பதில்லை. அவை தாமாக வரா.

நான் பயன்படுத்துவது தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அஞ்சல், முகவரிப் புத்தகம், கணக்கு அமைப்புகள் எல்லாம் புரொஃபைல் என்ற ஒரே கோப்புறைக்குள் அடங்கிவிடுவது. விண்டோஸில் அது மறைந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. தேடி அலைய வேண்டாம். உதவிப் பட்டியலில் உள்ள 'டிரபிள்ஷூட்டிங்' பக்கத்தைத் திறந்தால், அந்தக் கோப்புறைக்கே கொண்டுபோகும் பொத்தான் இருக்கிறது. பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டுத்தான் நகலெடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பு கிடைக்கலாம்.

மூடினேன். 64 ஜிபி பென் டிரைவைச் செருகி நகலெடுக்க ஆரம்பித்தேன். சிறிய கோப்புகள் ஓடின. 'இன்பாக்ஸ்' வந்ததும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி நின்றுவிட்டது. பென் டிரைவில் 50 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தது; கோப்போ 5.3 ஜிபி. பிறகுதான் உறைத்தது. பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்தில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. தண்டர்பேர்ட் ஓர் அஞ்சல் பெட்டியின் கடிதங்களை எல்லாம் வரிசையாக ஒரே கோப்பில் எழுதுகிறது, எம்பாக்ஸ் என்பார்கள். இருபது வருட இன்பாக்ஸ் என்றால் அது ஒரே ஒரு பெரிய கோப்பு.

'காம்பேக்ட்' செய்தால் கோப்பு சுருங்கும். நாம் அழித்த அஞ்சல்கள் உண்மையில் அழிவதில்லை. அழித்ததாகக் குறி மட்டும் விழுகிறது, காம்பேக்ட் செய்யும்போதுதான் வெளியேறுகின்றன. கை அதை நோக்கிப் போனது, நிறுத்திக்கொண்டேன். காம்பேக்ட் என்பது முழுக் கோப்பையும் திரும்ப எழுதும் வேலை. சாகக் கிடக்கும் தட்டில் அதைச் செய்யக் கூடாது. அங்கே வாசிக்க மட்டும்தான் வேண்டும், எதையும் எழுதக் கூடாது. பென் டிரைவைப் புதுக் கணினியில் எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றி, அதில் இருந்ததெல்லாம் அழிந்தாலும் பரவாயில்லை என்று, மறுபடி தொடங்கினேன். நாற்பது நிமிடம். டிக் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதுக் கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடி, அது புதிதாக உருவாக்கிய புரொஃபைல் கோப்புறைக்குள் பழையதன் உள்ளடக்கத்தைப் போட்டேன். பழைய பதிப்பின் புரொஃபைலைப் புதுப் பதிப்பு ஏற்றுக்கொள்ளும். தலைகீழாகச் செய்ய முயன்றால் மறுத்துவிடும். சேமித்த கடவுச்சொற்களும் இந்தக் கோப்புறையிலேயே பயணம் செய்கின்றன என்பதால், அந்தப் பென் டிரைவை யாருக்கும் இரவல் தரக் கூடாது.

திறந்தது. எல்லாப் பெட்டிகளும் வந்திருந்தன, பெரியம்மாவின் பெட்டியில் மட்டும் ஒரு கடிதமும் இல்லை. வயிறு கலங்கிவிட்டது. கோப்பைப் போய்ப் பார்த்தால் 61 எம்பி, அப்படியே இருக்கிறது. கடிதங்கள் ஒரு கோப்பிலும், அவற்றின் பட்டியல் எம்எஸ்எஃப் என்று முடியும் இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. கெட்டது பட்டியல்தான். அந்தப் பெட்டியின் பண்புகளில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்ததும் வரிசையாக வந்து நின்றன. பழைய கணினியில் 412, இங்கும் 412.

முதல் கடிதத்தைத் திறந்தேன். தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்க.

அன்றைக்குப் பெரியம்மா எழுதியது டிஸ்கி குறியீட்டில். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நம் கணினிகளில் அது சரியாகத் தெரிய வருடங்கள் ஆயின. அதுவரை டிஸ்கி, டேப் என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதினோம். ஆங்கிலம் விட்டுவைத்த 128 இடங்களில் தமிழ் வடிவங்களை அடுக்கிய ஏற்பாடு அது. உரிய எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லையென்றால் இந்தப் புள்ளியும் கோடும். பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் இத்தனை வருடம் எனக்கு இது உறைக்கவே இல்லை. அஞ்சலை எடுத்தேன், அதைப் படிக்கும் கண்ணை எடுக்க மறந்துவிட்டேன்.

மறுபடி பழைய கணினியிடம் போனேன். நல்லவேளை, இன்னும் உயிரோடு இருந்தது. எழுத்துருக் கோப்புறையிலிருந்து இணைமதியை எடுத்துவந்து நிறுவி, தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் லத்தீனுக்கு அதைக் கொடுத்ததும் கடிதம் தமிழானது. "அன்புள்ள கண்ணு, சாப்பிட்டாயா" என்றுதான் அவருடைய எல்லாக் கடிதமும் தொடங்கும்.

இது தற்காலிக ஏற்பாடு என்பதால், 2005 வரை வந்த கடிதங்களைக் குறியீட்டு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கித் தனியே சேமித்துவருகிறேன். மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அதற்கு இரண்டு பிரதிகள், இரண்டு வட்டுகளில். ஒன்று பெரியம்மாவின் மகளிடம் இருக்கிறது.

ஒரு இரவுக்குப் பத்துக் கடிதம். மாற்றியபின் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கிறேன், ஏனென்றால் டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகியிருக்கும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும். இடையில் சில சொற்கள் சிதைகின்றன. நேற்று 2004 ஜூன் வரை வந்தேன். நான் வேலையை விட்டுவிடப்போவதாக எழுதியதற்கு அவர் போட்ட பதில், நான்கு பக்கம். அதில் மட்டும் பதினோரு இடம் திருத்தினேன்.